பூனை படுத்த போர்வை

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், மலைகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலத்தில், முகிலூர் என்றொரு குளிர்தேசம் இருந்தது. அங்கே மருக்கொழுந்து என்று ஒரு தையல்காரி. பாவாடை, ரவிக்கை தைப்பாள். அவள் புருஷன் மாசிலாமணி, சீட்டியடித்துக்கொண்டே மெத்தைக்குப் பஞ்சு அடிப்பவன். வீட்டில் ஒரு பூனை, பேசும் பூனை. அந்தக் காலத்தில் பூனைகள் பேசும். இப்போது ஏன் பேசுவதில்லை என்று குறுக்கே கேட்காதீர்கள், எனக்குக் கோபம் வரும்.

மலையுச்சியில் குளிராண்டி என்று ஒரு மந்திரவாதி இருந்தான். அவன் உடம்பில் சூடே கிடையாது. வெயிலில் நின்றாலும் நடுங்குவான், கம்பளி போர்த்தினாலும் நடுங்குவான், அடுப்புக்குள் காலை நீட்டினாலும் நடுங்குவான். ஒருநாள் அவன் மாசிலாமணியிடம் வந்து, "ஊரில் உள்ள பஞ்சு மொத்தமும் எனக்கு வேணும்" என்றான்.

"ஊர்ல பிள்ளை பெத்த வீடுகள் இருக்குதுங்க. அவங்களுக்கு மெத்தை போட்டது போக மிச்சம் இருந்தா எடுத்துக்கோங்க" என்றான் மாசிலாமணி.

குளிராண்டிக்கு வந்ததே கோபம். மாசிலாமணியின் வாய்க்கு நேராகக் கையை நீட்டி ஒரு சுண்டு சுண்டினான். அவ்வளவுதான், மாசிலாமணி கட்டிலில் சாய்ந்துவிட்டான். சாகவும் இல்லை, மூச்சும் இல்லை. உடம்பு மட்டும் சில்லிட்டுக் கிடந்தது.

மருக்கொழுந்து ஓடிவந்து மந்திரவாதியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் ஒரு மூட்டைப் பஞ்சை அவள் முன்னால் போட்டான். "துண்டுத் துணிகளைச் சேர்த்து, இந்தப் பஞ்சை உள்ளே வெச்சு, எனக்கு ஒரு போர்வை தைச்சுக் கொடு. நாலு ஓரமும் இடைவெளி இல்லாம மூடியிருக்கணும். முதல் உறைபனி விழுறதுக்குள்ள கொடுத்தா இவனை எழுப்பிவிடுறேன். இல்லாட்டி இவன் காலத்துக்கும் இப்படியேதான்." சொல்லிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துகொண்டான்.

மருக்கொழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையில் இறங்கினாள். பின்னால் சுருங்கிவிடக் கூடாது, சாயம் விட்டுவிடக் கூடாது என்று துணிகளையெல்லாம் முதலில் நனைத்துக் காயவைத்தாள். துண்டுகளைச் சேர்த்து மேல்துணி ஆக்கினாள். அடித்துணியை விரித்து, பஞ்சைப் பரப்பி, மேல்துணியைப் போட்டாள். பாவாடை தைத்துப் பழகிய கை அல்லவா? எடுத்த எடுப்பில் நாலு ஓரத்தையும் அழகாக மடித்துத் தைத்துவிட்டாள். பிறகு நடுவுக்கு வந்தால், போர்வை பூரி மாதிரி உப்பிக்கொண்டு நிற்கிறது! இந்தப் பக்கம் அமுக்கினால் அந்தப் பக்கம் எழும்புகிறது.

குளிராண்டி எட்டிப் பார்த்தான். அவன் கண் மினுங்கியது. "பரவாயில்லை, ஓரம் மூடியாச்சில்ல? கொடு" என்றான்.

"இந்த லட்சணத்துல என் கையை விட்டுப் போகாதுங்க" என்றாள் அவள். உட்கார்ந்து மொத்தத் தையலையும் பிரித்தாள்.

அடுத்த தடவை ஒரு தலைப்பில் ஆரம்பித்து மறுதலைப்பு வரை தைத்துக்கொண்டே போனாள். மேல்துணி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, அடித்துணி சுருக்கம் சுருக்கமாக மடிந்துபோனது. காற்றெல்லாம் கடைசி ஓரத்தில் ஒரு மூட்டையாகச் சேர்ந்து நின்றது.

"பரவாயில்லை, அந்த ஓரத்தையும் மூடிக் கொடு" என்றான் குளிராண்டி.

"இந்த லட்சணத்துல என் கையை விட்டுப் போகாதுங்க."

மறுபடி பிரித்தாள். விரலெல்லாம் ஊசி குத்தி எரிந்தது. வெளியே உறைபனி நெருங்கி மேகம் வெளுத்துக்கொண்டு வந்தது. கட்டிலில் கிடந்த புருஷனைப் பார்த்துப் பார்த்து அவசரம் அவசரமாக நூலை உருவினாள். ஆனாலும் ஒரு கேள்வி உறுத்தியது. தானே போர்த்திக்கொள்ளப் போகிற போர்வை கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை என்று எவனாவது சொல்வானா?

மூன்றாம் தடவை துணியை விரித்து, மூன்று அடுக்கும் நகராமல் இருக்கப் பெரிய பெரிய தையலாகப் போட்டுப் பிடித்துவைத்தாள். ஊசியில் நூல் கோத்துத் திரும்பினால், போர்வையின் நட்டநடுவில் பூனை சுருண்டு படுத்திருக்கிறது.

"அட கடன்காரா, எழுந்து போ."

"போகமாட்டேன். நடுவுலதான் மெத்துன்னு இருக்கு" என்றது பூனை. வயிற்றை நன்றாக அமுக்கிக்கொண்டு ஒரு புரளல் புரண்டது.

அப்போது போர்வையின் ஓரத்திலிருந்து சன்னமாக ஒரு சத்தம் வந்தது. சீட்டிச் சத்தம். பஞ்சு அடிக்கும்போது மாசிலாமணி அடிக்கிற அதே மெட்டு.

மருக்கொழுந்து குனிந்து ஓரத்தில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே நின்று உப்பியது வெறும் காற்று இல்லை, அவள் புருஷனின் மூச்சு. அந்தப் பாவி அதைச் சுண்டிப் பிடித்து, அதன் சூட்டுக்காகப் பஞ்சுக்குள் அடைத்திருக்கிறான். நாலு ஓரமும் மூடிவிட்டால் மூச்சு என்றைக்கும் உள்ளேயேதான்.

அவள் போர்வையை இழுத்துப் புருஷன்மேல் போட்டாள். பூனை படுத்திருந்த இடத்தில் முதல் தையலைப் போட்டாள். நடுவிலிருந்து வெளியே, நடுவிலிருந்து வெளியே, ஒவ்வொரு வரிசைக்கும் உள்ளங்கையால் தடவித் தடவித் தைத்தாள். மூச்சு நகர்ந்தது, நகர்ந்தது, கடைசியில் ஒரு மூலைக்குப் போய்ச் சேர்ந்தது. மற்ற ஓரங்களை மடித்துத் தைத்துவிட்டு, அந்த மூலையை மட்டும் திறந்து மாசிலாமணியின் வாயருகே வைத்தாள்.

குளிராண்டி பதறி உள்ளே ஓடிவந்தான். "மூலையை மூடு!"

"மூடுறேன், கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிக்கொண்டே ஓர் அழுத்து அழுத்தினாள்.

மாசிலாமணி ஒரு தும்மல் தும்மி எழுந்து உட்கார்ந்தான்.

குளிராண்டி அப்படியே தரையில் குந்திவிட்டான். தாடையெல்லாம் வெடவெடவென்று ஆடியது. வெளியே முதல் உறைபனி விழ ஆரம்பித்தது. மருக்கொழுந்து அவனைப் பார்த்தாள். திட்டுவதற்கு வாய் நிறைய வார்த்தை இருந்தது. ஆனால் அந்த மூலையைச் சாய்வாக மடித்து, தைத்து, முடிச்சு வெளியே தெரியாமல் பஞ்சுக்குள் இழுத்துவிட்டு, போர்வையை அவன்மேல் போர்த்தினாள்.

"கேட்டது போர்வைதானே, இந்தாங்க. ஒரு சுருக்கம் கிடையாது."

பிடுங்கிக்கொண்டு வந்த எதிலும் கிடைக்காத சூடு, கொடுத்ததில் கிடைத்தது அவனுக்கு. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது, நெற்றியில் வியர்வை கூடப் பூத்தது. மந்திரமெல்லாம் அந்த வியர்வையோடு இறங்கிப்போக, அவன் ஒரு சாதாரணக் கிழவனாக எழுந்து, மாசிலாமணியிடம் மன்னிப்புக் கேட்டான். பிறகு அந்தப் பிள்ளை பெத்த வீடுகளுக்குப் பஞ்சு மூட்டை சுமந்ததும் அவன்தான்.

எல்லாம் அடங்கி, நடந்ததை அவள் சொன்னபிறகு மாசிலாமணி கேட்டான்: "ஏன் கொழுந்து, மூச்சு உள்ளே இருக்குன்னு முதல்ல உனக்குத் தெரியாதே. அவன் கேட்டப்பவே முதல் போர்வையைக் கொடுத்திருந்தா?"

"எப்படிங்க கொடுக்கிறது? பார்க்கவே அசிங்கமா இருந்துச்சு."

மாசிலாமணி சிரித்தான். சிரித்துக்கொண்டே அழுதான். அப்புறம் சீட்டியடித்தபடி பஞ்சு அடிக்கப் போனான்.

முகிலூரில் இன்றைக்கும் போர்வையை நடுவிலிருந்துதான் தைக்கிறார்கள். தைக்கும்போது பூனை வந்து நடுவில் படுத்தால் ஒருவரும் விரட்டமாட்டார்கள். என் கதை இங்கே முடிச்சுப் போட்டாயிற்று, முடிச்சு உள்ளே போய்விட்டது, எங்கே என்று தேடாதீர்கள்.