உலகத்தைச் சுற்றி வந்த குண்டு

“இடுப்புல வைக்கிற சாமான் எதுவானாலும் அது மொதல்ல…” என்று குழந்தைவேலுவின் பெரியப்பா ஏதோ சொல்வார். மீதி ஞாபகம் வரவில்லை. கோயமுத்தூர் துப்பாக்கிக் கடையில் நின்றபோது அந்த மீதிதான் அவருக்குத் தேவைப்பட்டது.

தென்னந்தோப்புக்கு நடுவே தனி வீடு. போன மாசம் பக்கத்துத் தோட்டத்தில் திருடர்கள் புகுந்து பெரியவரை அடித்துப் போட்டிருந்தார்கள். லைசென்ஸ் கிடைத்துவிட்டது, வாங்கக் கெடு இன்னும் இரண்டு நாள். மேசைமேல் இரண்டு கிடந்தன. பிஸ்டலுக்குத் தவறி வெடிக்காமல் தடுக்கும் பூட்டு உண்டு, டிரிக்கர் லேசு. ரிவால்வருக்குப் பூட்டு கிடையாது, டிரிக்கரை இழுப்பதற்குள் விரல் வலித்துவிடும். வேட்டி பெல்ட்டில் செருகிக்கொண்டு தோப்பைச் சுற்றினால் எது தன் தொடையைச் சுடாமல் இருக்கும்?

யோசனை சொல்லக் கூட வந்திருந்தார் நாச்சிமுத்து மாமா. பட்டாளத்தில் பதினாறு வருஷம். வலது காலைத் தாங்கித் தாங்கித்தான் நடப்பார். எதிரி குண்டு என்று ஊருக்கே தெரியும், அவரே சொன்னதால்.

“பிஸ்டலை எடு மாப்பளே. டிரிக்கர்னா லேசா இருக்கோணும். எங்கிட்ட இருந்தது ஈ உக்காந்தா வெடிக்கும். ஈயும் சாகும், எதிரியும் சாவான்.”

“ஒரே குண்டுலயா?” என்றார் கடைக்கார இஸ்மாயில் பாய், பிஸ்டலைத் துடைத்துக்கொண்டே.

“குறுக்க பேசாதீங்க பாய். அப்புறம் அதையும் அரத்துல ராவி லேசாக்கிட்டேன். தொடவே வேண்டாம், மொறைச்சாப் போதும். ஒருநா மேஜர் கனவுல வந்து திட்டினாரு. முழிச்சுப் பாத்தா கூடாரத்துல ஆறு ஓட்டை.”

“மேஜரு?” என்றார் பாய்.

“அதுக்கப்புறம் கனவுல வர்றதில்ல.”

“ரிவால்வர் எப்படிங்க மாமா?” என்றார் குழந்தைவேலு.

“சோம்பேறிச் சாமான். எங்க சுபேதார் காலைல இழுக்க ஆரம்பிச்சாரு. குண்டு வெளிய வர்றதுக்குள்ள எதிரி டீ குடிச்சு, சமாதானம் பேசி, ரிட்டயரே ஆயிட்டான். பிஸ்டல் பூட்டு அப்படியில்ல. நான் போட்டா எமனே வந்தாலும் தெறக்காது. மடியில வெச்சுக்கிட்டு எட்டு நாள் பனிமலைல உருண்டிருக்கேன்!”

பாய் துணியைக் கீழே வைத்தார். மேசைக்கு வெளியே எட்டி, மாமாவின் செருப்பு வாருக்கு நடுவே தெரிந்த தழும்பைப் பார்த்தார்.

“பட்டாளத்தாரே, இது மேலேருந்து கீழ எறங்கின குண்டாச்சே. எதிரி என்ன உங்க மடியிலயா உக்காந்திருந்தான்? முப்பது வருஷமா இந்தக் கடையில இந்த மாதிரிக் காலைத்தான் பாத்துட்டிருக்கேன்.”

மாமா கொஞ்சமும் அசரவில்லை. “என் குண்டுதான், யாரு இல்லேன்னது? அறுவது பேரைத் துளைச்சும் அது நிக்கல. உலகத்தை ஒரு சுத்து சுத்திட்டு, சுட்டவன் எங்கேன்னு தேடி வந்து என் காலடில விழுந்துச்சு. அத்தனை விசுவாசம்!”

பாய் சிரித்தார். குழந்தைவேலு சிரிக்கவில்லை.

“அன்னிக்குப் பூட்டுப் போட்டிருந்தீங்களா மாமா?”

“போட்டிருக்கேன்னுதான் நெனச்சேன்,” என்றார் மாமா. குரல் இறங்கியிருந்தது.

குழந்தைவேலு ரிவால்வரை வாங்கினார், தோல் உறையோடு. ஊருக்குப் போகிற வழியில் இறங்கி, உறையை மாட்ட இரண்டு பேண்ட் தைக்கக் கொடுத்தார்.