பெயர் கேட்கும் வாசல்

இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் நாக்கு இங்கேயே அறுந்து விழட்டும். சத்தியமாகச் சொல்கிறேன், அத்தனையும் நடந்தது.

தென்காசிக்கு மேற்கே ஒரு மலை. மேகம் புகுந்தால் அங்கே கணினிகளே தும்மும். அந்த மலைமேல், வரப்போகும் இணையத்தை வடிவமைக்கும் ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது.

தலைமை ஆய்வாளர் தையல்நாயகி. நாற்பது வயது. ஒரு நாளைக்குப் பத்துச் சொல்லுக்கு மேல் பேசினால் அவளுக்குக் காய்ச்சல் கண்டுவிடும்.

அவளுடைய மாணவர் அறவாழி அண்ணாச்சிக்கு ஐம்பத்தெட்டு. டெலிபோன் இலாகாவில் கம்பி இணைத்தவர். மகளுக்குக் கொள்ளி வைத்துவிட்டு மலையேறி வந்தவர்.

மகள் நித்திலா, பத்தொன்பது வயது. பெயர் போடாத ஒருவன் எட்டு மாதம் அவள் கைப்பேசிக்கு அசிங்கமாக எழுதிக்கொண்டே இருந்தான். ஒன்பதாவது மாதம் அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள்.

"முகத்தை மூடிக்கிட்டு ஒருத்தனும் உள்ள வரக்கூடாது மேடம். எப்படிக் கட்டணும், சொல்லுங்க."

முதல் நாள் அண்ணாச்சி கேட்டது இதுதான். கட்டிப் பாருங்கள் என்றாள் அவள்.

ஆறு வருஷம் கட்டினார். எந்தச் செய்தியும் அனுப்புபவர் பெயரோடுதான் போகும். பெயர் இல்லையென்றால் வாசலிலேயே நிற்கும்.

அடிவாரத்தில் மூன்று ஊர்களில் மூன்று மாதம் ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. பல வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அண்ணாச்சி வயிறாரச் சாப்பிட்டார்.

மறுநாள் திட்டம் டெல்லிக்குப் போகவேண்டும். தையல்நாயகி கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அவள் பேனாவை எடுக்கவில்லை.

"நித்திலாவுக்கு எழுதினவன் எப்படி மாட்டினான்?"

போலீஸ் கைவிரித்த பிறகு தனக்கொரு செய்தி வந்ததென்றார் அண்ணாச்சி. இன்னும் வைத்திருந்தார். எடுத்துக் காட்டினார்.

அதில் அவன் பெயர் இருந்தது. இரண்டு தெரு தள்ளி வீடு. அவனுடைய இன்னொரு போன் அடுப்படியில் பருப்பு டப்பாவுக்குள் இருக்கிறது என்றும் இருந்தது. அனுப்பியது யாரென்று மட்டும் இல்லை.

"அதை உங்க வாசல் வழியா எனக்கு அனுப்புங்க, அண்ணாச்சி."

அனுப்பினார். பெயர் இல்லை, போகாது என்றது திரை.

அண்ணாச்சி சிரித்தார். பெயரைப் போட்டால் போய்விடும் என்றார்.

"போடுங்க."

அந்தப் பெயர் அவருக்குத் தெரியும். அந்த வீட்டுப் பருப்பு டப்பாவுக்குள் கை விடுகிறவள் ஒருத்திதான், அவன் பெண்டாட்டி. தீர்ப்பு நாளில் இடுப்பில் பிள்ளையோடு கோர்ட்டு மூலையில் நின்றாள். அவளும் அண்ணாச்சியும் ஒருவரையொருவர் பார்க்காதது போலவே நின்றார்கள். அண்ணாச்சி இதுவரை யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

இரண்டு எழுத்து அடித்தார். விரல் நின்றது.

"அவன் எப்ப வெளிய வர்றான்?"

"தை மாசம். நேரா வீட்டுக்குத்தான் வருவான்."

தையல்நாயகி இப்போது பேனாவைத் திறந்தாள். "மிச்சத்தையும் அடிங்க. நானும் கையெழுத்துப் போடுறேன்."

மேகம் உள்ளே வந்து போனது.

அண்ணாச்சி அந்த இரண்டு எழுத்தையும் அழித்தார். பிறகு சொன்னார்.

"என் பிள்ளையைக் கொன்னதும் பேரில்லாத இதே வழியாத்தான் வந்துச்சு மேடம்."

"ஆமா" என்றாள் அவள்.

அந்த இரண்டு எழுத்து எனக்குத் தெரியும். கேட்காதே. இந்தக் கதையைச் சொன்னது யாரென்று எவன் விசாரித்தாலும், காற்றுவாக்கில் காதில் விழுந்தது என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டு.