பென்சில் வட்டம்

“ரெண்டு முறையும் ஒரே மாதிரிதான் வருது டீச்சர். நான் தொலைஞ்சேன்.”

இப்படிப் புலம்பியவர் அறவாழி. வயது நாற்பத்தெட்டு. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் விரிவுரையாளர். ஆறு வருஷமாக முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறார். கல்லூரியில் பேச ஆரம்பித்தால் நிறுத்த ஆள் தேட வேண்டும். இந்தப் பள்ளி மைதானத்துக்கு வந்தால் மட்டும் குரல் இறங்கிவிடும்.

கேட்டுக்கொண்டிருந்தவர் பொற்கொடி. அந்தப் பள்ளியின் பி.டி. டீச்சர். அறவாழியைவிடப் பதினெட்டு வயது சின்னவர். பந்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்.

ஆராய்ச்சி இதுதான்.

ஏழாம் வகுப்பில் இரண்டு பிரிவு. ‘ஏ’ பிரிவுக்கு விசில் அடித்து, சொன்னதைச் சொன்னபடி செய்யவைத்து, ஸ்கிப்பிங் கயிறு தாண்டக் கற்றுத்தர வேண்டும். ‘பி’ பிரிவுக்கு ஒன்றும் சொல்லித்தரக் கூடாது. கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட வேண்டும். எட்டு வாரம் கழித்து, ஒரு நிமிஷத்தில் யார் எத்தனை தாண்டுகிறார்கள் என்று எண்ண வேண்டும்.

எண்ணியாயிற்று. இரண்டு பிரிவும் சமம்.

“சமமா வந்தா என்ன சார்? அதையே எழுதுங்க.”

“எங்க கைடு ஒத்துக்க மாட்டார். ‘ரெண்டும் ஒண்ணுன்னு சொல்றதுக்கா ஆறு வருஷம்?’னு கேக்கறார். முப்பதாம் தேதிக்குள்ள குடுக்கலன்னா என் பதிவே போயிடும். ஆறு வருஷமும் ஆத்துல கரைச்ச புளிதான்.”

பொற்கொடி பந்தைத் தரையில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். காற்று போதவில்லை. மறுபடி அடித்தார்.

“நீங்களே சொல்லுங்க டீச்சர். இந்த ரெண்டுல எந்த முறை நல்லது?”

“எந்தப் பிள்ளைக்கு சார்?”

“பிள்ளைன்னு இல்ல. பொதுவா.”

“பொதுவா ஒரு பிள்ளையும் என் வகுப்புல இல்லையே.”

அறவாழிக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் அதற்காக வந்தவரும் இல்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ‘பி’ பிரிவின் பெயர்ப் பட்டியல், யார் எத்தனை தாண்டினார்கள் என்ற எண்ணிக்கையோடு. அதில் மூன்று பெயர்களைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது.

“இந்த மூணு பேருதான் கீழ இழுக்கறாங்க. இவங்களை எடுத்துட்டா ‘பி’ பிரிவு மேல போயிடுது. வித்தியாசம் பளிச்சுன்னு தெரியுது. எண்ணின அன்னிக்கு இவங்க பள்ளிக்கூடத்துக்கே வரலன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்.”

“வந்தாங்களே.”

“வந்தாங்கதான்.” அவருக்கு வெட்கமாக இருந்தது. அது முகத்திலும் தெரிந்தது. “ஊர் உலகத்துல யாரும் செய்யாததா டீச்சர்? மூணே மூணு பேரு. இதுல யாருக்கு என்ன நஷ்டம்?”

பொற்கொடி தாளை வாங்கிப் பார்த்தார். கோபப்படவில்லை. மூன்று பெயர்களையும் ஒருமுறை மெதுவாக வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.

“போடறேன் சார்.”

அறவாழிக்கு உயிர் வந்தது.

“ஆனா பேரை நீங்கதான் அடிக்கணும். அவங்களை வச்சுக்கிட்டே அடிங்க.”

“பிள்ளைங்க முன்னாடியா?”

“அவங்க பேருதானே சார்.”

“சரி, எங்க இருக்காங்க?”

பொற்கொடி கையை நீட்டினார். மைதானத்து ஓரத்தில் ஒரு புங்க மரம்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. விளையாடுகிறவர்கள் செருப்பைப் புங்க மரத்தடியில் வரிசையாக விட்டுவிட்டுப் போவார்கள். விளையாடாதவர்கள் அதற்குக் காவல். வயிற்று வலிக்காரர், மூச்சு வாங்குகிறவர், பயந்தவர், எல்லாருக்கும் அதே வேலைதான்.

அறவாழியும் இங்கே படிக்கிற காலத்தில் ஐந்து வருஷம் செருப்புக் காத்தவர். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ‘விளையாட்டுக்கும் உனக்கும் என்னய்யா சம்பந்தம், இந்தத் தலைப்பை ஏன் எடுத்தே?’ என்று கேட்டவர்களிடமும் சொன்னதில்லை.

மரத்தை நோக்கி நடந்தார். பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தார். நாலு வாக்கியம் தயார் செய்தார். மரத்தடிக்குப் போய், அந்தச் செருப்பு வரிசையைப் பார்த்ததும் நாலும் மறந்துபோயிற்று.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். எட்டு வாரம் வந்து போயிருக்கிறார். பெயரைத் தெரியும், வரிசை எண் தெரியும். எது யாருடைய முகம் என்று மட்டும் தெரியாது.

“இதுல ரூபஸ்ரீ யாரும்மா?”

கண்ணாடி போட்ட ஒரு பெண் எழுந்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

“சார், நான் தாண்டினது நாலுன்னு எழுதினீங்கல்ல?”

“ஆமா.”

“எங்கம்மா நம்பவே மாட்டேங்கறாங்க சார். ‘நீயாவது, கயிறு தாண்டறதாவது, போடி’ங்கறாங்க. அந்தப் பேப்பரை ஒரே ஒரு தடவ காட்டுங்க சார்.”

இல்லை என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. கொடுத்தார்.

அவள் விரலை வைத்து மேலிருந்து கீழே ஒவ்வொரு பெயராக இறங்கினாள். தன் பெயர் வந்ததும் விரல் நின்றது.

“ஐ! வட்டம் போட்டிருக்கு!”

மற்ற இரண்டு பேரும் எழுந்து ஓடிவந்தார்கள்.

“டேய் நிதர்சன், உனக்கும் போட்டிருக்குடா! அப்ரின், உனக்குந்தான்!” அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். “நல்லாத் தாண்டினவங்களுக்கா சார் வட்டம்?”

அறவாழிக்கு அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்தது. எதையாவது கேட்க வேண்டுமே என்று கேட்டார்.

“நாலு எப்படிம்மா தாண்டினே?”

“எனக்குச் சுத்தவும் வரல, குதிக்கவும் வரலன்னு டீச்சர்கிட்டப் போய் அழுதேன் சார். டீச்சர் ஒண்ணும் சொல்லித்தரல. என் கையிலேருந்து கயிறை வாங்கிக் கீழ போட்டாங்க. ‘இதைத் தாண்டு’ன்னாங்க. சும்மா கிடக்கற கயிறு சார். தாண்டினேன்.”

“அப்புறம்?”

“ஒரு வாரம் அதையேதான் தாண்டிக்கிட்டிருந்தேன்.”

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. பொற்கொடி பேனாவோடு வந்து நின்றார்.

“‘பி’ பிரிவுக்குச் சொல்லித்தரக் கூடாதுன்னு சொல்லியிருந்தேனே டீச்சர்.”

“சொல்லித்தரலையே சார். கயிறைக் கீழ போட்டேன்.”

“அப்ப அது எந்த முறை?”

பொற்கொடி பேனாவின் மூடியைக் கழற்றினார்.

“கையெழுத்து எங்க சார் போடணும்?”

அறவாழி அவர் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டார். செருப்பு வரிசைக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தார். தாளை முழங்காலில் வைத்து, மூன்று பென்சில் வட்டத்தின் மேலும் மையால் அழுத்தி வட்டம் போட்டார். மூன்று பிள்ளைகளும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“முப்பதாம் தேதி சார்?” என்றார் பொற்கொடி.

“வரட்டும் டீச்சர்.”

ரூபஸ்ரீ அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு சந்தேகம்.

“சார், உங்களுக்குக் கயிறு தாண்ட வருமா?”

“வராதும்மா.”

அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு நாற்பத்தெட்டு வயது ஆகியிருக்கிறது.

அவள் ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் முன்னால் தரையில் போட்டாள்.

“செருப்பைக் கழட்டி இங்க விடுங்க சார். நாங்க பாத்துக்கறோம்.”