மேற்குப் பார்த்த கடை

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். பெங்களூரில் மழை அப்போதுதான் விட்டிருந்தது. அல்சூர் மொட்டை மாடிகளின் மேல் வெயில் சுள்ளென்று விழுந்தது.

தணிகாசலம் படியேறி வந்து, மூச்சு வாங்கியபடியே ஒரு பழுப்புப் புட்டியை ஜெனிதாவின் முன் வைத்தார். இயந்திரத் தொழிற்சாலையில் தரம் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். பீர் காய்ச்சக் கற்றுக்கொடுக்கும் ஜெனிதாவுக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். ஆனாலும் அவள் சொல்லாமல் அவர் உட்கார மாட்டார்.

“உட்காருங்க சார். இந்தத் தடவை உங்க நண்பர் என்ன சொன்னார்?”

“என்ன சொல்வான்? ஒரு வாய் குடிச்சான். ‘டேய் தணிகா, நல்லாத்தான் இருக்கு, ஆனா நம்ம நீலக்கொக்கு இது இல்லடா’ன்னுட்டான்.”

நீலக்கொக்கு என்பது ஐ.பி.ஏ. வகையைச் சேர்ந்த கசப்பு பீர். தணிகாசலமும் அவருடைய நண்பர் பெர்னார்டும் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து சனிக்கிழமைதோறும் குடித்தது. கம்பெனி அதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகிவிட்டன. பெர்னார்ட் மறுநாள் இரவு மகளோடு வாழ ஆஸ்திரேலியாவுக்குப் போகிறார், திரும்பி வரப்போவதில்லை. போவதற்குள் அவர் கையில் ஒரு தம்ளர் நீலக்கொக்கைக் கொடுத்துவிட வேண்டும். அதற்காகத்தான் தணிகாசலம் இந்த வயதில் மாணவரானார்.

“எனக்கும் அது இல்லைன்னுதான் தோணுது, டீச்சரம்மா. எங்கே தப்பு? பார்லியா? கசப்புக்குப் போடற ஹாப்ஸ் பூவா? கொதிக்கவிட்டது பத்தலையா?”

ஜெனிதா ஒரு கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, முகர்ந்து, மெல்லக் குடித்தாள். நீலக்கொக்கு காய்ச்சிய ஆலையில்தான் அவள் தொழில் பழகினாள்.

“தப்பே இல்லை. தொட்டியிலேர்ந்து இறக்கினதும் நாங்க குடிச்சுப் பார்ப்போம். இதேதான்.”

“அப்போ எங்க நாக்குதான் பொய் சொல்லுதா?”

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். “நீங்க வாங்கின புட்டி என்ன நிறம்?”

“பச்சை.”

“கடையில எங்கே வச்சிருப்பாங்க?”

“வாசல்லயே, கண்ணாடி அலமாரியில. மேற்குப் பார்த்த கடை. சாயங்காலமானா புட்டியெல்லாம் மரகதம் மாதிரி ஜொலிக்கும்.”

ஜெனிதா தம்ளரை எடுத்துப்போய், மாடிச் சுவரின் மேல் வெயிலில் வைத்தாள்.

தணிகாசலம் பதறி எழுந்தார். “என்னம்மா இது! வெளிச்சம் படக் கூடாது, பழுப்புப் புட்டியிலதான் அடைக்கணும்னு முதல் நாளே என்னைத் திட்டினது நீங்கதானே?”

“கொஞ்சம் பொறுங்க சார்.”

நுரை முழுவதும் அடங்கிய பிறகு தம்ளரை அவரிடம் நீட்டினாள்.

வாயருகே கொண்டுபோனபோதே அவர் கை நின்றுவிட்டது. எரிந்த ரப்பர் போன்ற ஒரு வாடை. குடித்தார். தொண்டையைப் பிறாண்டும் கசப்பு.

“இதான்” என்றார். “இதேதான்மா.”

“இது வெயில் பட்டுக் கெட்டுப்போன பீர், சார். பச்சைப் புட்டி வெயிலைத் தடுக்காது, உங்க கடை அலமாரியில இதான் நடந்திருக்கு. ஆலையில இந்த வாடை வந்தா சாக்கடையில கொட்டிடுவோம்.”

பிறர் செய்ததில் குறை கண்டு திருப்பி அனுப்புவதையே வாழ்நாள் வேலையாகச் செய்தவர், தம்ளரை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

“அப்போ நாங்க ஒரு நாளாவது நல்ல நீலக்கொக்கைக் குடிச்சதே இல்லையா?”

“குடிச்சீங்களே. நீங்க காய்ச்சினது. அதைத்தான் ரெண்டு பேரும் வேண்டாம்னுட்டீங்க.”

அவர் கீழே போகத் திரும்பினார், படியருகில் நின்றார்.

“அவன்கிட்ட இதைச் சொல்லட்டுமா?”

“சொல்லுங்க. முதல்ல வெயில் பட்டதைக் குடிச்சு அவர் சிரிச்சு முடிக்கட்டும்.”

மறுநாள் காலை ஜெனிதா, அவர் பீர் காய்ச்சிய தொட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். தணிகாசலம் தாம் காய்ச்சியதை வெள்ளைக் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்துத் தம் வீட்டு ஜன்னலோரம் வைத்தார். நிழல் நெருங்கும்போதெல்லாம் அவற்றை வெயிலுக்குத் தள்ளித் தள்ளி வைத்தபடி பக்கத்திலேயே காவல் இருந்தார். பிறகு ஐஸில் புதைத்தார். பெட்டிகளைக் கட்டி முடித்துவிட்டு வந்த பெர்னார்ட் ஒரு வாய் குடித்தார், கண்ணை மூடினார், தொடையில் ஓங்கித் தட்டிச் சிரித்தார்.

“டேய், இதான்டா! இத்தனை நாள் இதை எங்கேடா ஒளிச்சு வச்சிருந்த? அப்படி என்னடா பண்ணின?”

தணிகாசலம் நண்பரின் தம்ளரை மறுபடி நிரப்பினார்.