இரண்டு கை உப்பு

நோன்பு மாதம் பாதிகூட ஆகவில்லை, பள்ளிவாசலின் கஞ்சிக் கொட்டகையைக் கொளுத்திவிட்டார்கள். கீற்றும் மூங்கிலும் போயின. அண்டா நெளிந்து கருகிக் கிடந்தது. பாவிகள், கஞ்சி காய்ச்சுகிற இடம்தானா கிடைத்தது!

காய்ச்சுகிறவர் மோதினார் அமானுல்லா. தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்வதும் அவர்தான். தீயை அணைக்கப் போய் முழங்கை வெந்துவிட்டது. இமாம் ஹஜ்ரத்தைவிட வயதில் மூத்தவர், ஆனாலும் ஹஜ்ரத்தைத்தான் குருவாக வைத்திருந்தார். மனசில் எது உறுத்தினாலும் அவர் முன்னால் போய் நிற்பார்.

அன்றும் நின்றார்.

“பிடிபட்டவன் கீழத்தெரு சரவணன். வருஷா வருஷம் அந்தத் தெருவே தூக்குவாளியோட வந்து நம்ம கஞ்சியை வாங்கிட்டுப் போகுது. இனியும் அவங்களுக்கு ஊத்தணுமா ஹஜ்ரத்?”

“முதல்ல கஞ்சி ஆகட்டும் அண்ணே.”

“எதுல காய்ச்ச? என் தலையிலயா?”

வயிற்றெரிச்சல், வேறென்ன. ஹஜ்ரத் கோபித்துக்கொள்ளவில்லை.

அதற்குள் முருகன் கோயில் அன்னதானச் சமையற்காரர் தண்டபாணி, கோயில் அண்டாவைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். நிமிர்ந்து பார்க்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

“எங்க ஆளு பண்ணின காரியம் பாய். சோறு இறங்கலை. கூடமாட நானும் காய்ச்சுறேன். கோயில் அண்டா, கறி மட்டும் வேண்டாமே.”

“கறி இல்லாம நோன்புக் கஞ்சியா!” என்றார் அமானுல்லா.

“இன்னைக்கு வேண்டாம்,” என்றார் ஹஜ்ரத்.

முற்றத்தில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினார்கள். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அமானுல்லாவுக்கு நோன்பு, அதனால் ருசி பார்க்கவில்லை. தண்டபாணிக்குச் சாமிக்குப் படைத்துப் பழகிய கை. சமைக்கும்போது அவர் ஒருநாளும் நாக்கில் வைத்ததில்லை.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் வாசலில் வரிசை நின்றது. முதல் ஆள் நோன்பு இல்லாத ஆட்டோக்காரர். ஒரு வாய் குடித்தார்.

“என்ன பாய், கடலையே கலக்கிட்டீங்களா?”

“நான் அளவாத்தானே போட்டேன்!” என்றார் அமானுல்லா.

தண்டபாணி விழித்தார். “ஐயோ, நீங்களும் போட்டீங்களா?”

வரிசை முழுக்கச் சிரித்தது. அமானுல்லாவுக்கும் அடக்க முடியவில்லை. காலையிலிருந்து அப்போதுதான் அவர் முகம் தெளிந்தது. தண்ணீரும் அரிசி நொய்யும் சேர்த்து மறுபடி கொதிக்கவிட்டு, எல்லோருக்கும் வாளி நிறைய ஊற்றினார்கள். கீழத்தெருவிலிருந்துதான் ஒரு குஞ்சுகூட வரவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் ஒரு பெண் வந்தாள். தூக்குவாளியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

அமானுல்லாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

“ஹஜ்ரத், இது யாருன்னு தெரியுதா? சரவணன் பெண்டாட்டி.”

“தெரியுது. உள்ள வாம்மா.”

அவள் தயங்கித் தயங்கி அண்டாவுக்குப் பக்கத்தில் வந்தாள்.

“என்னால முடியாது ஹஜ்ரத். ஊத்த மனசு வரலை,” என்றார் அமானுல்லா.

“வரலைன்னா இருக்கட்டும் அண்ணே. நேரமாச்சு, நீங்க பாங்கு சொல்லப் போங்க. கரண்டியை இந்தம்மாகிட்ட குடுத்துட்டுப் போங்க. இன்னைக்கு நம்ம நோன்பு திறக்க அவங்க ஊத்தட்டும்.”