டாக்டர் வருவாங்க

"மிஸ், என் மண்டையில இருக்கிறது மூளையா, களிமண்ணா?" என்று கேட்டாள் அமலோற்பவம்.

ரமீஸா மிஸ் மாதிரித் தேர்வுத் தாள்களிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"களிமண்ணுன்னு யாரு சொன்னதுக்கா?"

"மார்க்கு சொல்லுது."

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் தாடி வைத்த குருவையும் ஒல்லிப் பையனையும் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். சிஷ்யைக்கு வயது முப்பத்தாறு. பெரியாஸ்பத்திரியில் நர்ஸ். குருவுக்கு இருபத்தைந்து. சைக்கிள் கடை மாடியில் நீட் பரீட்சைக்கு இயற்பியல் சொல்லிக்கொடுப்பவள். மருத்துவம் படிக்க வயது ஒரு தடையில்லை என்று யாரோ சொன்னதைச் சிஷ்யை நம்பிவிட்டாள். ஊர்தான் இன்னும் நம்பவில்லை.

இரண்டு தடவை எழுதினாள். இரண்டு தடவையும் போச்சு.

இது மூன்றாவது, இதோடு சரி என்று புருஷன் சூசையிடம் சொல்லியிருந்தாள். சூசை நல்ல மனுஷர். "பரீட்சை முடியற வரைக்கும் சமையல் என்னுது" என்று மட்டும் சொன்னார். அவர் வைக்கிற சாம்பாரைச் சாப்பிட்டுக்கொண்டும் ஒருத்தி படிப்பை விடவில்லை என்றால், ஆசை எப்பேர்ப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்த அன்றைக்கே மிஸ் கேட்டிருந்தாள்.

"ஏன்க்கா டாக்டராகணும்?"

"பன்னெண்டு வருஷமா ஒரே வசனம் மிஸ். யாரு வந்து என்ன கேட்டாலும், 'இருங்க, டாக்டர் வருவாங்க.' சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. அந்த வர்ற ஆளா ஒரு நாளாவது நான் இருக்கணும்."

"உட்காருங்க" என்றாள் மிஸ். வேறொன்றும் கேட்கவில்லை.

இப்போது அவள் தாளைத் திருப்பினாள். முதல் இரண்டு விடையும் சரி. அதற்கப்புறம் கடைசி வரைக்கும் ஒரே தப்பு. அதில் பாதி உயிரியல்.

"இதயத்துல எத்தனை அறைன்னு தெரியாதாக்கா உங்களுக்கு?"

"தூக்கத்துல எழுப்பிக் கேளுங்க மிஸ், சொல்றேன்."

"அப்ப ஏன் மூணுங்கிற வட்டத்தைக் கறுப்பாக்கி வச்சிருக்கீங்க?"

"நேரமாயிடுச்சு. தாளைப் பிடுங்க வந்துட்டாங்க. கண்ணை மூடிக்கிட்டுக் கறுப்பாக்கினேன்."

"அதுவரைக்கும் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"மூணாவது கேள்வி."

"இயற்பியல்லயா?"

"ஆமா. ஒரு கப்பி, ஒரு கயிறு, ரெண்டு பக்கமும் எடை. என்ன பண்ணாலும் விடை வர மாட்டேங்குது."

"விட்டுட்டு அடுத்ததுக்குப் போக வேண்டியதுதானே?"

"எப்படி மிஸ் விட்டுட்டுப் போறது? பாவம்."

"யாரு பாவம்?"

"கேள்வி."

மிஸ் அவளையே பார்த்தாள். கிண்டல் இல்லை, அமலோற்பவம் நிஜமாகத்தான் சொன்னாள். வார்டில் முதல் கட்டிலில் தொடங்கி ஒவ்வொருவரையும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்கு நகர்வது அவள் கைப்பழக்கம். பாதியில் ஒருவரை விட்டுப் போனால் அன்றைக்குச் சோறு இறங்காது.

மிஸ் மேசையைத் திறந்து அவித்த கடலைப் பொட்டலத்தை எடுத்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் பிரித்து வைத்தாள்.

"சாப்பிடுங்க."

அமலோற்பவம் எடுத்த முதல் கடலை உடையவில்லை. நகத்தால் கீறினாள். பல்லால் கடித்தாள். மேசை விளிம்பில் வைத்து உள்ளங்கையால் குத்தினாள்.

மிஸ் ஒவ்வொன்றாக உடைத்துத் தின்றுகொண்டே இருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் பொட்டலத்தில் தோல்தான் மிச்சம்.

"தீர்ந்து போச்சுக்கா" என்றாள் மிஸ்.

அமலோற்பவம் நிமிர்ந்தாள். முகத்தில் அத்தனை சந்தோஷம்.

"உடைஞ்சிருச்சு மிஸ்! இந்தாங்க, நீங்களே சாப்பிடுங்க!"

கடலை உள்ளே சொத்தை.

மிஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "யா அல்லா, போய்ட்டு வாங்கக்கா" என்றாள்.

அடுத்த மாதிரித் தேர்வு வந்தது. மூன்றாவது கேள்வியில் கப்பி இல்லை, லென்ஸ். அதோடு உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். அதற்கடுத்த தேர்வில் காந்தம். மார்க்கும் பழைய இடத்திலேயே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"பேசாம நர்ஸாவே இருந்துடறேன் மிஸ்" என்றாள் அமலோற்பவம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண் மட்டும் கலங்கிவிட்டது.

குருவிடம் அப்போது பதில் இல்லை. குரு என்றால் எல்லா நேரமும் ஸ்டாக் வைத்துக்கொண்டா இருக்க முடியும்?

பதில், ஒரு சனிக்கிழமை காலையில் மாடிப்படியில் வழுக்கி விழுந்தது.

விழுந்தவள் ரமீஸா மிஸ்தான். எழுதுகிற கை மணிக்கட்டில் வீங்கிவிட்டது. நேரே பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போனாள். அங்கே அன்றைக்கு டியூட்டி அமலோற்பவம்.

"மாதாவே! என்ன மிஸ் இது? உட்காருங்க, உட்காருங்க."

தொட்டுப் பார்த்தாள். விரலை அசைக்கச் சொன்னாள். பலகை வைத்துக் கட்டி, மிஸ்ஸின் துப்பட்டாவையே தொட்டிலாக்கிக் கையைத் தொங்கவிட்டாள். எல்லாம் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்தது.

"எலும்பாக்கா, சுளுக்கா?"

"படம் எடுத்தாத்தான் தெரியும். இருங்க, டாக்டர் வருவாங்க."

"நீங்களே ஒரு இழு இழுத்து விடுங்களேன்."

"நல்லா இழுப்பேன்! தெரியாத வேலையில கைய வச்சா இருக்கறதும் போயிடும்" என்று சொல்லிக்கொண்டே நகர்ந்துவிட்டாள்.

பக்கத்தில் ஒரு அம்மா கூப்பாடு போட்டுக்கொண்டிருந்தாள். மடியில் மூக்குக்குள் புளியங்கொட்டையைப் போட்டுக்கொண்ட பிள்ளை. பிள்ளை என்னவோ ஜாலியாகத்தான் இருந்தது. அமலோற்பவம் குனிந்து ஒரு பார்வை பார்த்தாள். வாயால் நன்றாக மூச்சு விடுகிறது.

"ஒண்ணும் ஆகாதும்மா. நோண்டாதீங்க. டாக்டர் வருவாங்க."

அவ்வளவுதான். கடந்து போய்விட்டாள்.

கடைசி பெஞ்சில் ஒரு பெரியவர். சத்தமே போடவில்லை. நெஞ்சு மட்டும் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அமலோற்பவம் அவரிடம் ஓடினாள். சாய்த்து உட்கார வைத்தாள், முகமூடியை மாட்டினாள், ஆக்சிஜனைத் திறந்தாள், டாக்டரைக் கூப்பிட ஆளை விரட்டினாள்.

மிஸ் இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள்.

"அக்கா! வரிசையில முதல்ல வந்தது நான்தானே? என்னைப் பாதியில விட்டுட்டுப் போயிட்டீங்களே. பாவமா இல்லையா?"

அமலோற்பவத்துக்குக் கோபம் வந்துவிட்டது. முகமூடியைச் சரிசெய்துகொண்டே கத்தினாள்.

"என்ன மிஸ் பேசறீங்க? உங்களுக்கு என்னால ஆனதைச் செஞ்சாச்சு. மிச்சம் எனக்குத் தெரியாது. தெரியாத இடத்துலயே நான் நின்னுக்கிட்டிருந்தா, தெரிஞ்ச இடத்தை யாரு பாக்கறது?"

மிஸ் முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது. நல்ல கையை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள்.

பெரியவரின் மூச்சு மெல்ல மெல்ல அடங்கியது. உதட்டில் நிறம் வந்தது. டாக்டரும் வந்து சேர்ந்தார்.

அமலோற்பவம் திரும்பி நடந்தாள். இரண்டு எட்டு வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"மிஸ்."

"சொல்லுங்கக்கா."

"நான் இப்ப என்ன சொன்னேன்?"

"எனக்கென்ன தெரியும்? நான் நோயாளி."

"மிஸ்... அந்தக் கடலை..."

"ஆமாக்கா. ஒரு பொட்டலம் முழுக்க நானே தின்னு, அன்னிக்கு வயிறு வேற வலிச்சுது."

அமலோற்பவம் சிரித்தாள் பாருங்கள், அவசரப் பிரிவில் அப்படி ஒரு சிரிப்பை யாரும் கேட்டதில்லை. முகமூடிக்குள்ளே பெரியவரும் சிரித்தார். அதைப் பார்த்துப் புளியங்கொட்டைப் பிள்ளைக்கும் சிரிப்பு வந்து, சிரிப்பு தும்மலாகி, கொட்டை தானாகவே தெறித்து மிஸ்ஸின் காலடியில் விழுந்தது.

மிஸ்ஸுக்குச் சுளுக்குதான். எலும்பு தப்பித்தது.

பரீட்சை மே மாத வெயிலில் வந்தது.

தோட்டையும் வளையலையும் கழற்றி மிஸ்ஸின் கைக்குட்டையில் முடிந்து கொடுத்துவிட்டு அமலோற்பவம் வரிசைக்குப் போனாள். தன் பிள்ளை வயசுக் கூட்டத்துக்கு நடுவே முழங்கை வரைக்கும் சட்டை போட்டுக்கொண்டு நின்றாள். வாசல் காவலர், "பெற்றோரெல்லாம் வெளியே நில்லுங்கம்மா" என்றார். "நான்தாங்க பிள்ளை" என்று சொல்லி நுழைவுச்சீட்டைக் காட்டினாள்.

சீட் கிடைத்ததா என்றுதானே கேட்கிறீர்கள்? கிடைத்தது. அரசுக் கல்லூரி. சூசை தெரு முழுக்கச் சாம்பார்சாதம் போட்டார், தெருவும் பொறுத்துக்கொண்டது. ஆனால் எனக்குப் பிடித்தது, பரீட்சை முடிந்த சாயங்காலம் வாசலில் நடந்ததுதான்.

பிள்ளைகள் வாடிப்போய் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பெற்றோர்கள் தண்ணீர் பாட்டிலோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். அமலோற்பவம் மட்டும் கல்யாண வீட்டிலிருந்து வருகிறவள் மாதிரி வந்தாள்.

"மிஸ்! நிறைய விட்டுட்டேன் மிஸ்!" என்று தூரத்திலிருந்தே கூவினாள்.

பக்கத்தில் நின்ற ஒரு அப்பா திடுக்கிட்டுத் திரும்பினார். மிஸ்ஸோடு காத்திருந்த சூசை கையிலிருந்த தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"உயிரியல்?" என்றாள் மிஸ்.

"ஒண்ணு விடாம பாத்துட்டேன். நிதானமா. நாடி பிடிச்சுப் பாக்கற மாதிரி."

"மூணாவது கேள்வி?"

"அதை ஏன் கேக்கறீங்க. மறுபடியும் கப்பி, கயிறு."

"என்ன பண்ணீங்க?"

"ஒரு பார்வை பாத்தேன். உயிருக்கு ஆபத்தில்ல. விட்டுட்டுப் போயிட்டேன்."

"பாவமா இல்லையாக்கா?"

"இருந்துச்சு மிஸ். அதனால சும்மா போகல, ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் போனேன்."

"என்னன்னு?"

அமலோற்பவம் கைக்குட்டையைப் பிரித்துத் தோட்டை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள்.

"'இருங்க, டாக்டர் வருவாங்க. அந்தம்மா இப்பத்தான் பரீட்சை எழுதிக்கிட்டிருக்காங்க.'"