மூன்று பொன்னாடைகள்

கூவிளங்காட்டில் ஒரே ஒரு குளம்தான் இருந்தது. எல்லாரும் குடிப்பது அதில்தான். அவசரத்துக்கு ஒதுங்குவதும் அதன் கரையில்தான். கோடையில் குளம் சுருங்கியது. மான்குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது.

சிங்கராசா சபையைக் கூட்டினார். "பொதுக் கழிப்பறை ஒன்று கட்டுங்க!" என்றார்.

வேலை நீலமேகம் என்ற மயிலிடம் போனது. அந்தக் காட்டில் எதைக் கட்டினாலும் மயில்தான் வரைபடம் போடும். அது பார்க்க அழகாக இருந்தது. வேறு தகுதியை யாரும் கேட்டதில்லை.

கழுவும் வேலைக்கு மருதாயி என்ற கீரியைப் போட்டார்கள். தரை போடும்போதே மருதாயி ஓடிவந்து பார்த்தது.

"ஐயா, தரையில வாட்டமே இல்லீங்களே! ஒரு பக்கமா சரிச்சு விட்டாத்தான் கழுவுற தண்ணி ஓடும்."

"சரிஞ்ச தரையா? கட்டடம் கோணல்னு பாக்குறவங்க சொல்லுவாங்க!" என்றது மயில்.

"ஜன்னலும் காணோமே?"

"ஜன்னல் வெச்சா, சுவத்துல நான் வரைஞ்ச தோகை என்ன ஆகுறது?"

"உள்ள தாழ்ப்பாளாவது..."

"மருதாயி, கட்டுறது என் வேலை. கழுவுறது உன் வேலை!"

மருதாயி திரும்பிப் போனது. வாளியையும் விளக்குமாற்றையும் வைக்க இடம் கேட்கலாம் என்றும் வந்திருந்தது. அதைக் கேட்கவில்லை.

திறப்பு விழா நடந்தது. சிங்கராசா ரிப்பன் வெட்டினார். எல்லாரும் வெளியே நின்று பார்த்தார்கள். "அரண்மனை தோத்துப் போகும்!" என்று பாராட்டினார்கள்.

மறுநாள் உள்ளே போனார்கள்.

கழுவிய தண்ணீர் போக வழியில்லாமல் நின்றது. நாற்றமும் போக வழியில்லாமல் நின்றது. முள்ளம்பன்றி திரும்பியபோது அதன் முள் கீறி, சுவரில் வரைந்த தோகையில் பாதி போய்விட்டது. கரடி ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தது. கோமளி என்ற மானுக்குக் குட்டியோடு நுழைய இடமில்லை. குட்டியை வெளியே விடலாம் என்றால், அங்கே நரி வரிசையில் நின்றது. கோமளி குளத்துக்கே திரும்பிப் போனது. மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள்.

மருதாயி நாள் முழுக்கத் தண்ணீரை வாரி வெளியே ஊற்றியது. அதன் பாதங்கள் புண்ணாயின. ராசாவிடம் போய் முறையிட்டது.

சிங்கராசா உருகிப் போனார். "இப்படி ஒரு உழைப்பாளியா!" என்று ஒரு பொன்னாடை போர்த்தினார். சபை கைதட்டியது. தண்ணீர் நின்ற இடத்திலேயே நின்றது.

மறுவாரம் மருதாயி மறுபடி முறையிட்டது. இரண்டாவது பொன்னாடை கிடைத்தது. 'தூய்மைத் திலகம்' என்ற பட்டமும் கிடைத்தது. மருதாயி இரண்டு பொன்னாடைகளாலும் தரையைத் துடைத்துப் பார்த்தது. ஜரிகை தண்ணீரை உறிஞ்சவில்லை.

ஒரு நாள் கோமளி அழுதுகொண்டே வந்தது. "அக்கா, என் குட்டி எழுந்து நிக்க மாட்டேங்குது! இன்னும் ஒரு வாரம் இந்தக் குளத்துத் தண்ணியக் குடிச்சா தாங்காதுக்கா!"

மருதாயி விளக்குமாற்றைக் கீழே போட்டது. நேராகச் சபைக்குப் போனது. அதைக் கண்டதும் சிங்கராசா மூன்றாவது பொன்னாடையை எடுத்துவரச் சொன்னார்.

"அது வேணாங்க ராசா! நீலமேகம் ஐயா ஒரே ஒரு நாள் அதைக் கழுவட்டும். அது போதும்."

சபை மயிலைப் பார்த்தது. மயில் சிரித்தது. "அதுக்கென்ன! நான் கட்டினதுதானே!"

காலையில் மயில் உள்ளே போனது. அதன் தோகை கடைசியாக உள்ளே போனது. மயில் குனிந்தது. தோகை தண்ணீரில் முழுதாக நனைந்தது. தூக்கி மாட்டலாம் என்று பார்த்தால் ஒரு கொக்கிகூட இல்லை. வாளியை வைக்க இடம் தேடியது. கிடைக்கவில்லை. இரண்டு தடவை கரடி கதவைத் திறந்து, "மன்னிக்கணும்!" என்று மூடியது.

உச்சி வெயிலில் மயில் வெளியே வந்தது. தோகை ஒரு பாரமாகப் பின்னால் இழுபட்டது.

"இதைக் கட்டின மடையன் யாரு?" என்று கத்தியது.

எல்லாரும் மயிலையே பார்த்தார்கள். பேர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மயில் தலையைக் குனிந்துகொண்டது. மருதாயிக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"வாட்டம் எந்தப் பக்கம் வரணும்னு காட்டட்டுங்களா ஐயா?"

"காட்டும்மா," என்றது மயில்.

அன்று மாலையே தரையை உடைத்தார்கள். வாட்டம் குளத்துக்கு எதிர்ப்பக்கம் போனது. தோகை வரைந்த சுவரில் ஜன்னல் வந்தது. கதவுக்குத் தாழ்ப்பாள், வாளிக்கு மேடை, குட்டியோடு வருபவருக்கு அகலமான ஓர் அறை என்று ஒவ்வொன்றையும் மயில் கேட்டுக் கேட்டு வரைந்தது. கரையில் ஒதுங்குவது நின்றது. எட்டாம் நாள் கோமளியின் குட்டி எழுந்து நின்றது. தள்ளாடியபடியே தாயோடு கழிப்பறைக்கு வந்தது.

மூன்றாவது பொன்னாடை அங்கே ஜன்னலுக்குத் திரையாகத் தொங்கியது.

நீதி: கழுவப் போகிறவரைக் கேட்டுவிட்டுக் கட்டினால்தான் கழிப்பறை, கேட்காமல் கட்டினால் அது வெறும் கட்டடம்.